அரைப் பாட்டில் தண்ணீர்

பாட்டில் ஆடுகிறது. கதவுப் பையில், கண்ணாடி துடைக்கிற துணிக்கும் பழைய எல் போர்டுக்கும் நடுவே முட்டுக் கொடுத்துத்தான் வைத்திருந்தார் நாச்சிமுத்து. ஆனால் மும்தாஜ் கிளட்சை விடுகிற அழகுக்கு வண்டியே தவளை மாதிரிக் குதிக்கும்போது பாட்டில் மட்டும் எப்படிச் சும்மா இருக்கும். கறுப்புக் கவரைச் சுற்றி ரப்பர் பேண்டும் போட்டாயிற்று, மூடியை இரண்டு தரம் இறுக்கியாயிற்று, இருந்தும் இடது கை அடிக்கடி அங்கே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது. ஒழுகினால் என்ன ஆகிவிடும்? சிறுநீர்தானே, லேபிலேயே வேறு பாட்டில் கொடுப்பார்கள், வேறு பிடித்துக் கொடுக்கலாம். அங்கேதான் இடிக்கிறது. லேபில் பிடித்தால் அது வேறு சிறுநீராக இருக்கும். வீட்டுக் குளியலறையில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, பாதி தன்னுடையதும் பாதி குழாய்த் தண்ணீருமாகக் கலந்த இந்தப் பாட்டில்தான் அவருக்கு வேண்டிய பாட்டில். அதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது, ரொம்ப ஊற்றினால் வெளுத்துப்போய்க் காட்டிக் கொடுத்துவிடும், கொஞ்சமாக ஊற்றினால் நுரை அடங்காது. "அம்மிணி, மெதுவா விடுங்க, மெதுவா. கிளட்ச்சு என்ன கோழிக்குஞ்சா, விட்டா ஓடிப்போறதுக்கு?" என்றார். மும்தாஜ் பல்லைக் கடித்துக்கொண்டு, "வருது மாஸ்டர், வருது," என்றாள். தாராபுரத்தில் தையல்கடை வைத்திருக்கிறவள், நாளெல்லாம் மிஷினை மிதிக்கிற அதே கால், இங்கே வந்தால் மட்டும் கட்டையாகிவிடுகிறது. வண்டி ஒருவழியாக அடங்கி அலங்கியம் ரோட்டில் ஏறியது.

காலையில் ஆறரை மணிக்கெல்லாம் வெயில் இல்லாத வெளிச்சம், தென்னந்தோப்புகளுக்கு மேலே கொக்குகள், நல்ல நேரம்தான் இது, பழகுகிறவர்களுக்கு. அவருக்கு ஷூதான் கடிக்கிறது. நேற்று வரை கடிக்காத ஷூ. கால் ஷூவை விடப் பெரிதாகிவிட்டது, அதைச் சொல்வானேன், கயிற்றைத் தளர்த்திக் கட்டினால் ஆயிற்று. இன்றைக்குக் காலையில் அவர் காபிக்காக உட்கார்ந்திருந்தபோது சுலோச்சனா தரையில் உட்கார்ந்து அவர் கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. பக்கத்தில் இன்னொரு இடத்தில் அழுத்தினாள். அங்கேயும் குழி. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் சுலோச்சனா ஒன்றும் சொல்லாமல் இருந்தது இப்போதுதான், வாய் ஓயாத பொம்பளை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் தெருவுக்கே கேட்கும். "லேபுக்கு நானும் வரட்டுங்களா?" என்றாள். "எதுக்கு, பாட்டில் தூக்கறதுக்கா?" என்று சிரித்து மழுப்பினார். அவள் சிரிக்கவில்லை. இவர் சட்டென்று காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்தக் குழிகள் இந்நேரம் நிரம்பியிருக்கும். நிரம்பாமலா இருக்கும்? ஷூவைக் கழற்றிப் பார்க்கலாம் என்று ஒரு பைத்தியக்கார ஆசை வந்தது. ஓடுகிற வண்டியில், ஒரு பெண்பிள்ளை ஓட்டிக்கொண்டிருக்கும்போது, பிரேக்கில் வைக்க வேண்டிய காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பதா? வலது காலைத் தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் சரியாக வைத்துக்கொண்டார். பழகுகிற வண்டியில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவருக்கு ஒரு பிரேக். அந்த இரண்டாவது பிரேக்குக்காகத்தான் இத்தனை வருசமாக ஊர் அவரை மாஸ்டர் என்கிறது.

முதல் தரம் அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. அது சத்தியம். வெட்கம், அவ்வளவுதான். சர்க்கரை வந்து பத்துப் பன்னிரண்டு வருசம் ஆகிறதே, சிறுநீரகத்தையும் பார்த்துவிடுவோம் என்று டாக்டர் மரகதம் எழுதிக் கொடுத்தார். போன வருசம். வீட்டில் பிடித்துப் பார்த்தால் நுரை, தூக்கி ஆற்றின டீ மாதிரிப் பாட்டில் வாய் வரைக்கும் நுரை, வைத்துவிட்டுப் பல் தேய்த்து வந்தால் அப்பவும் அப்படியே நிற்கிறது. லேபில் இருக்கிற சின்னப் பெண்ணிடம் இதை எப்படிக் கொடுப்பது? நுரையை அடக்கத்தான் குழாயைத் திறந்தார். ரிசல்ட் வந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பரவாயில்லீங்களே, யூரின்ல புரதம் லேசாத்தான் போகுது, நல்லாப் பாத்துக்கறீங்க," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் அவரைப் பார்த்து எந்த வாத்தியாரும் அப்படிச் சிரித்ததில்லை. அப்புறம் எப்படி அடுத்த தரம் குழாயைத் திறக்காமல் இருப்பது? திறக்காமல் கொடுத்தால் நுரை வரும், நுரைதான் அந்தப் புரதம், நுரை வந்தால் திடீரென்று எப்படி வந்தது என்பார், ஒவ்வொரு தரமும் முந்தின தரத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மற்றதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்கிறார். உப்பைக் குறைத்துவிட்டார், ஊறுகாயை விட்டார், மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை டாக்டரம்மா திட்டினதிலிருந்து தொடுவதில்லை. அவர் சாப்பிடுகிற அதே உப்பில்லாத குழம்பைத்தான் சுலோச்சனாவும் சாப்பிடுகிறாள், தனியாக வைத்துக்கொள் என்றால் கேட்பதில்லை. அரைப் பாட்டில் தண்ணீர். அதில் யாருக்கு என்ன நட்டம்?

"மாஸ்டர், முன்னாடி பஸ் போகுது, தாண்டட்டுங்களா?" "வேண்டாம், அவன் பின்னாடியே போங்க. ஊருக்குள்ள எங்க நிறுத்துவான்னு தெரியாது. எடம் விட்டுப் போங்க." வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், மனசு இருக்க வேண்டியதில்லை, அத்தனை வருசப் பழக்கம். மனசு டாக்டரம்மா ரூமில் உட்கார்ந்திருந்தது. போன மாசம் அவர் சிரிக்கவில்லை. பழைய ரிசல்ட்டையும் புதிய ரிசல்ட்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேனாவால் தட்டிக்கொண்டே இருந்தார். "ரத்தத்துல கிரியாட்டினின் கொஞ்சங் கொஞ்சமா ஏறிட்டே வருதுங்க. சிறுநீரகம் கழிவை வெளியேத்தறது கொறையுதுன்னு அர்த்தம். பிரஷருக்கு மூணு மாத்திரை குடுத்தும் எறங்கல. கால் வீங்குது. ஆனா யூரினைப் பாத்தா ஒண்ணுமில்லைங்குது. எனக்கு ஒண்ணோட ஒண்ணு ஒத்துவரலை." நாச்சிமுத்து தலையை ஆட்டினார், அவருக்கும் ஒத்துவராத மாதிரி. "இன்னொரு தரம் பாத்தர்றேன். புரதம் நெறையப் போறது தெரிஞ்சுட்டா அப்பறம் நான் இங்க வெச்சுப் பாக்கறது நல்லதில்லைங்க. கோயமுத்தூர்ல கிட்னிக்குன்னே டாக்டர் இருக்காரு, அவருக்கு எழுதிக் குடுத்தர்றேன்." "என்னை வேண்டாங்கறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டார். என்ன கேள்வி அது, மாமியார் வீட்டிலிருந்து துரத்தின மருமகள் மாதிரி. டாக்டரம்மா ஒரு மாதிரிப் பார்த்தார். "வேண்டாம்னா அனுப்புவாங்களா? வேணும்னுதாங்க அனுப்பறது." இந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார். கோயமுத்தூர் என்றால் அவருக்கு என்னவென்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்.

கோயமுத்தூர் என்றால் அவருக்கு ஊர் இல்லை, ஒரு நடைவழி. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் இரும்பு நாற்காலி, பினாயில் வாசம், கடைசியில் ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற மெஷின்கள் நாலைந்து ஒன்றாக ஓடுகிற சத்தம். அதில் ஒரு மெஷினில் சென்னியப்பன் இருந்தான். அவருடைய அண்ணன், ரைஸ் மில்லில் நெல் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி லாரியில் போடுகிறவன், கழுத்தில் குழாயைச் சொருகிக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான். காலையில் மூச்சு வாங்குகிறது என்று கூட்டிப் போனார்கள், சாயங்காலம் மெஷினில் போட்டுவிட்டார்கள். காலையில் போய் சாயங்காலம்! ஒரு நாள் கூட விட்டு வைக்கவில்லை. அடுத்த ஆடி வருவதற்குள் போய்ச் சேர்ந்தான். கிட்னி டாக்டர்கிட்டப் போனான், மெஷின்ல போட்டுக் கொன்னுட்டாங்க என்றுதான் சொந்தபந்தத்தில் இன்றைக்கும் பேச்சு. இழவு வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுதார்கள். அவரும் மறுத்ததில்லை. மறுக்க என்ன இருக்கிறது, கண்ணால் பார்த்ததுதானே. அந்த டாக்டர், வயசுப் பையன், கண்ணாடி போட்டவன், கதவைத் திறந்து வெளியே வந்து, "சென்னியப்பன் கூட வந்தது யாரு?" என்று கேட்டான். நாச்சிமுத்து எழுந்து நின்றார். அவன் என்னவோ சொன்னான். ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்கிற பேச்சு. அதை விடு. அந்த நடைவழியில் நாற்காலிக்கு அடியில் ஒரு செருப்பு கிடந்தது, ஒற்றைச் செருப்பு, பெண்பிள்ளைச் செருப்பு, அன்றைக்கு முழுக்க யாரும் வந்து எடுக்கவில்லை. செருப்பு நினைவிருக்கிறது. நீலப் பட்டை.

"ரெண்டாவது போடட்டுங்களா, மூணாவதா மாஸ்டர்?" "மூணுலயே போங்க." வாய்க்கால் பாலம் வந்தது. ஈரக் காற்று முகத்தில் அடித்ததும் தண்ணீர் குடிக்கலாம் போலிருந்தது, குடித்தால் கால் இன்னும் வீங்குமோ என்றிருந்தது, எச்சிலை விழுங்கினார். நினைவில் வந்தது அண்ணன் பிணமாக வந்த நாள் அல்ல, அதற்கு முன்னால், அவன் மெஷினுக்கு வாரம் இரண்டு தரம் போய்வந்துகொண்டிருந்த நாட்களில் ஒன்று. அண்ணி தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று நின்றாள், அவளுக்கும் சர்க்கரை, ஆகாது என்றுவிட்டார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் சுலோச்சனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நமக்குன்னு ஒண்ணு வந்தா நான் யோசிக்கவே மாட்டேனுங்க, என்னோடதுல ஒண்ணு எடுத்துக் குடுத்துருவேன்," என்றாள், ஏதோ நகையைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி. அதைக் கேட்டு அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. அவள் சொன்னால் செய்கிறவள். அவள் வயிற்றைக் கீறி, இவர் வயிற்றைக் கீறி, இரண்டு கட்டிலில் இரண்டு பேரும் கிடந்து, வேண்டாம் சாமி. அதற்கு இந்த அரைப் பாட்டில் தண்ணீர் எவ்வளவோ மேல். இது அவளுக்காகவும்தான். ஆமாம், அவளுக்காகவும்தான். இப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் ஆறியது, ஆறினதும் உடனே சந்தேகம் வந்தது. அவளுக்காக என்றால் அவளிடம் ஏன் சொல்லவில்லை? குளியலறைத் தாழ்ப்பாள் எதற்கு? பஸ் எங்கோ வலது பக்கம் திரும்பிப் போய்விட்டிருந்தது. ரோடு காலியாக, நேராக, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கிடந்தது. மும்தாஜுக்குத் தைரியம் வந்துவிட்டது போல, வேகம் கூடுவது சீட்டில் தெரிந்தது. சொல்ல வேண்டும். இவ்வளவு வேகம் வேண்டாம் அம்மிணி என்று சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பையன் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னானே, அவன் முதலில் கேட்டது, "இதுக்கு முன்னாடி எங்க பாத்தீங்க?" அதற்கு இவர், "கால் வீங்குதுன்னு ஊர்ல வேர்க்கஷாயம் குடிச்சானுங்க, மூட்டுவலிக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டானுங்க," என்றார், அதற்கு அவன், அதற்கு அவன்.

பால் வண்டி நின்றுவிட்டது. முன்னால் ஒரு பால் வண்டி போய்க்கொண்டிருந்ததையே நாச்சிமுத்து இப்போதுதான் பார்த்தார், அது கையும் காட்டாமல் நடு ரோட்டில் கேனை இறக்க நின்றுவிட்டிருந்தது, நின்றுவிட்ட பிறகு பார்க்கிறார், அதன் பின்பக்கத்து அலுமினியக் கேன்கள் பெரிதாகிக்கொண்டே வருகின்றன. வலது காலை அழுத்தினார். அழுத்தினதாகத்தான் நினைத்தார். ஷூவுக்குள் கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. ஆனால் வண்டி நின்றது. அலுங்காமல் குலுங்காமல், கேன்களுக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போதே, மும்தாஜ் பிரேக்கையும் கிளட்சையும் மிதித்து நிறுத்தியிருந்தாள். பால்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேனை இறக்கினான், ஏறினான், போனான். "நீங்க பிரேக் போடலீங்களா மாஸ்டர்?" அவள் முகமெல்லாம் சிரிப்பு. "நானேதான் நிறுத்தினனா?" "நீங்களேதான்." குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அவன் பிரேக் லைட்டு தூரத்துலயே எரிஞ்சுதுங்க," என்றாள் மும்தாஜ். "அப்பவே ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டேன். நீங்கதான சொல்லிட்டே இருப்பீங்க, பக்கத்துல போயி மிதிச்சா எப்பேர்ப்பட்ட பிரேக்கும் நிக்காது, தூரத்துலயே மிதிக்கோணும்னு." "ஆமா," என்றார் நாச்சிமுத்து. "சொல்லியிருக்கேன்." கதவுப் பையில் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தார். "வண்டியைத் திருப்புங்க அம்மிணி, இன்னிக்கு இது போதும். நல்லா ஓட்டுனீங்க."

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கண்ணாடிக்காரப் பையன் கூடவே வந்தான். இனி அவனைத் தள்ள முடியவில்லை. "ரெண்டு வருசம் முந்திக் கூட்டிட்டு வந்திருந்தீங்கன்னா மெஷினே இல்லாம மாத்திரைலயே ரொம்ப நாள் தள்ளியிருக்கலாமுங்க. எல்லாரும் எங்ககிட்டக் கடைசியா வர்றாங்க. கடைசியா வந்தா எங்க கையில மெஷின் மட்டுந்தான் இருக்குது." இவ்வளவுதான் அவன் சொன்னது. அதட்டிச் சொல்லவில்லை, சாமர்த்தியமாகச் சொல்லவில்லை, அலுத்துப் போய்ச் சொன்னான், அன்றைக்கு எத்தனையாவது தரமோ. அண்ணனைக் கொன்றது கிட்னி டாக்டர் இல்லை. அவரிடம் போகாமல் கழிந்த இரண்டு வருசம். இது தனக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது நாச்சிமுத்துவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மும்தாஜ் பக்கத்தில் இருக்கிறாளே என்று வெளியே தென்னைமரங்களைப் பார்த்தார். டாக்டரம்மா பாவம், பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு தயாராகத்தான் உட்கார்ந்திருக்கிறார். ரோட்டைத்தான் இவர் மறைத்துக்கொண்டிருக்கிறார், ஒரு வருசமாக. ஒரு வருசம் போய்விட்டது. அப்படியானால் இப்போது மட்டும் போய் என்ன ஆகப்போகிறது, இதுவே கடைசியாக இருந்தால்? இன்றைக்கே மெஷினில் போட்டுவிட்டால்? காலையில் போய் சாயங்காலம். அதற்கு இந்த ஒரு தரம், இந்த ஒரே ஒரு தரம் கையிலிருக்கிற பாட்டிலையே கொடுத்துவிட்டு, வருகிற மாசம் உண்மையாகக் கொடுத்தால் ஆகாதா? தைப்பூசம் முடியட்டுமே. இப்படித்தான் அண்ணனும் அறுப்பு முடியட்டும் என்றான், மில் சாவியை ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்றான். போகலாம், போக வேண்டாம், போகலாம் என்று மனசு போட்டு உருட்டியது, அவருடைய கை கதவுப் பையில் பாட்டிலைப் பிடித்தபடியே இருந்தது. தையல்கடை வாசலில் மும்தாஜ் இறங்கி, "நாளைக்கும் இதே நேரந்தானுங்களே மாஸ்டர்?" என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினார்.

லேபில் அந்தப் பெண் அப்போதுதான் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிக்கொண்டிருந்தாள். "வாங்ணா, கொண்டாந்துட்டீங்களா?" என்று கையை நீட்டினாள். கறுப்புக் கவர் கையில் இருக்கிறது. நீட்டினால் வாங்கிக்கொள்வாள், சாயங்காலம் டாக்டரம்மா பேனாவைத் தட்டிக்கொண்டு, ஒத்துவரலையே என்பார், கதை முடிந்தது. "இது வரும்போது ஒழுகிருச்சு கண்ணு. வேற பாட்டில் ஒண்ணு குடு," என்றார். அவள் கவரைப் பார்த்தாள், காய்ந்துதான் இருந்தது, ஒன்றும் கேட்காமல் புதுப் பாட்டில் எடுத்துக் கொடுத்தாள். பின்பக்கத்துக் கழிவறையில் விளக்கு மங்கல். வீட்டுப் பாட்டிலில் இருந்ததை முதலில் கொட்டிக் கழுவிவிட்டார். பிறகு நின்றார். வராது போலிருந்தது, பயத்தில் அதுவும் பிடித்துக்கொண்டது, சுவரில் ஒரு எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார், அப்புறம் வந்தது. நுரை பொங்கி எழுந்து பாட்டில் வாயில் நின்றது. பக்கத்தில் குழாய், பழைய பித்தளைக் குழாய், சொட்டிக்கொண்டிருந்தது. கை அதனிடம் போனது, பழக்கம்தான், அவர் அனுப்பவில்லை. குழாய்த் தலையைப் பிடித்த கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. சொட்டு ஒன்று விரலில் விழுந்தது, சில்லென்று இருந்தது. சுலோச்சனாவைக் கூட்டி வந்திருக்கலாம் என்று நினைத்தார். குழாயைச் சொட்டு நிற்கிற வரைக்கும் இறுக்கி மூடிவிட்டு, பாட்டிலையும் மூடி வெளியே கொண்டுவந்தார்.

அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஒரு தரம் அசைத்தாள், வைத்தாள், மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். "என்னங்ணா இது, இந்தத் தடவ இவ்வளவு நுரை?"

நாச்சிமுத்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பவும் இவ்வளவுதான் கண்ணு," என்றார்.